எண்ணெய்க்கும் ஒரு மார்க் ஷீட்!

சனிக்கிழமை தலைக்கு நல்லெண்ணெய், வடைக்குக் கடலெண்ணெய், பிள்ளைக்கு வயிறு வலித்தால் விளக்கெண்ணெய். எண்ணெய் இல்லாமல் நம் வீடுகளில் ஒரு நாளும் நகராது. ஆனால் "இந்த எண்ணெய் பாஸா, ஃபெயிலா?" என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அன்றாடக் கூலியில் அன்றாடச் சமையல். தென்னூரில் எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான். "இருவது ரூபாய்க்குக் கடலெண்ணெய் வாங்கிட்டு வாய்யா" என்று அம்மா தூக்கைக் கொடுக்கும். டின்னிலிருந்து அளந்து ஊற்றும் அந்த எண்ணெய்க்குப் பெயர் இல்லை, தேதி இல்லை, லேபிள் இல்லை.

எண்ணெய்க்கும் பரீட்சை உண்டு என்பது கெமிக்கல் டிப்ளமோ சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அமில மதிப்பு என்று ஒன்று. அது ஏறினால் எண்ணெயோ வித்தோ கெட்டிருக்கிறது என்று பொருள். அயோடின் மதிப்பு என்று இன்னொன்று. கடலை எண்ணெய்க்கு அது 85 முதல் 99 வரை இருக்க வேண்டும். பாமாயிலுக்கு 60-ஐ ஒட்டியே இருக்கும். ஆகவே பாமாயிலை நிறையக் கலந்தால் எண் இறங்கிக் காட்டிக் கொடுத்துவிடும்!

மத்திய தரைக்கடல் நாடுகளில் ஆலிவ் எண்ணெய்க்குக் கெடுபிடி இன்னும் அதிகம். 'எக்ஸ்ட்ரா வெர்ஜின்' என்ற முதல் தரத்தில் அமிலம் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. லேபில் தேறினால் மட்டும் போதாது. பயிற்சி பெற்ற குழு முகர்ந்து, ருசித்து, குறையே இல்லை என்று சொல்ல வேண்டும். 1991-ல் ஐரோப்பாவில் இதைச் சட்டமாகவே எழுதினார்கள். எங்கள் தாத்தாவும் ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்துவிட்டு, "காறல் அடிக்குதுடா" என்பார். அவர் பள்ளிக்கூடமே போகாதவர்!

அதே ஸ்பெயினில் 1981-ல் நடந்ததைக் கேளுங்கள். தொழிற்சாலை உபயோகத்துக்காக அனிலின் கலந்து வந்த ரேப்சீட் எண்ணெயைச் சுத்திகரித்து, ஆலிவ் எண்ணெய் என்று சொல்லி, லேபிள் இல்லாத கேன்களில் மலிவாக விற்றார்கள். 20,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். 300 பேருக்கு மேல் இறந்தார்கள். நம் டெல்லியில் 1998-ல் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து 60 பேருக்கு மேல் உயிர் போனது.

அந்த ஆண்டே, சமையல் எண்ணெயைப் பாக்கெட்டில்தான் விற்க வேண்டும் என்று மத்திய அரசு ஆணை போட்டது. 2011-ன் உணவுப் பாதுகாப்பு விதிகளும் அதையே சொல்கின்றன. சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் லிட்டர் பாக்கெட் வாங்கக் காசு இல்லாத அன்றைக்கும் உலை கொதிக்கத்தானே வேண்டும்? பாக்கெட்டுக்குச் சட்டம் காவல் நிற்கிறது. தூக்குக்கு யார் காவல்?

இதை வீட்டில் சொன்னபோது அப்பா ஒன்றே ஒன்று கேட்டார். "அப்ப நம்ம வீட்டு எண்ணெய் பாஸா தம்பி?" அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை.

நண்பர்களே, நம் லேபில் ப்யூரெட் இருக்கிறது, பிப்பெட் இருக்கிறது. பரீட்சைக்காக டைட்ரேஷன் செய்து நோட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்குகிறோம். மாதம் ஒரு சனிக்கிழமை, நம் தெருக்களில் விற்கும் எண்ணெயை ஆளுக்கு ஒரு சின்ன பாட்டிலில் கொண்டு வந்து, ஆசிரியர்கள் மேற்பார்வையில் சோதித்தால் என்ன? சந்தேகம் வந்தால் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கலாம். நூறு மில்லி, ஐம்பது மில்லி பாக்கெட்டுகளை எல்லாக் கடையிலும் வைக்கச் சொல்லிக் கேட்கலாம். மாணவர் மன்றம் முன்கை எடுக்கட்டும். முதல் பாட்டிலை நான் கொண்டு வருகிறேன்!