எதிர்க்கடை

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருவில் என் தந்தையார் ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். 1988இல் தொடங்கி 2016 வரை நடந்த கடை அது. இன்று அந்த இடத்தில் செல்போன் பழுது பார்க்கிறார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது அந்தக் கடையைப் பற்றி மட்டுமன்று. அதற்கு நேர் எதிரே முளைத்த இன்னொரு கடையைப் பற்றியும்தான்.

இன்றைய மாணவ நண்பர்களுக்கு இது பழங்கதை போலத் தோன்றலாம். பிலிம் இருந்த காலத்தில் ஒரு சுருளுக்கு முப்பத்தாறு படம். முப்பத்தாறும் எடுத்து முடிந்த பிறகுதான் சுருளைக் கழுவுவார்கள். வேலைக்கு விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாளில் மூச்சிரைக்க ஓடி வந்தவருக்கும் "நாளைக்கு வாங்க" என்பதே பதில். அப்பா இதற்கு ஒரு வழி கண்டார். எடுத்த இரண்டு மூன்று படங்களை மட்டும் இருட்டறையில் விரலால் அளந்து வெட்டினார். சிறு கிண்ணத்தில் கழுவி, ஸ்பிரிட்டில் தோய்த்து, மேசை விசிறியில் காய வைத்து, ஒரு மணி நேரத்தில் பிரதி போட்டுக் கொடுத்தார். "அவசர போட்டோ – ஒரு மணி நேரம்" என்று வாசலில் பலகை ஏறியது. பெரிய நகரங்களில் இதை முன்பே பலர் செய்திருக்கலாம். எங்கள் ஊருக்கு அவர்தான் முதல்.

அப்பாவிடம் ஒருவர் வேலை கற்றுக்கொண்டார். பதினான்கு வயதில் வந்தவர். எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என் அக்காள் நடை பழகியது அவர் விரலைப் பிடித்து. "சித்தப்பா" என்றுதான் அழைப்பாள். 1999இல் அவர் விலகினார். அடுத்த மாதமே எதிர்ப்புறம் கடை திறந்தார். அங்கும் ஒரு பலகை: "அவசர போட்டோ – முக்கால் மணி நேரம்." மேசை விசிறிக்குப் பதில் தலைமுடி உலர்த்தும் கருவியை வைத்துக் கால் மணி நேரத்தை மிச்சப்படுத்தியிருந்தார்! அன்று முதல் அப்பா அவரோடு பேசவில்லை. "கத்துக்கிட்டவன் கடை போடறது தப்பில்ல. என் போர்டையே எழுதி என் கண்ணுக்கு நேரா மாட்டினான் பாரு, அதுதான் தப்பு" என்பார். நான் பிறந்தபோது அந்தப் பகைக்கு ஐந்து வயது.

இந்தப் பகையை நான் வேறு கண்ணால் பார்க்கக் காரணமாயிருந்தது நம் கல்லூரியின் ஒளியியல் ஆய்வுக்கூடம். இரண்டாம் ஆண்டில் மாலஸ் விதியைச் சரிபார்க்க இரண்டு கருநிறத் தகடுகளைக் கையில் கொடுத்தார்கள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்துத் திருப்பினால் ஒளி மங்கி மங்கி அணைந்தே போகிறது. "இதுதான் போலராய்டு. இதைச் செய்தவர் ஒரு காமிராவும் செய்தார். அதற்காகப் பதினைந்து ஆண்டு வழக்காடினார்கள்" என்று பேராசிரியர் போகிற போக்கில் சொன்னார். நூலகத்தில் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க எங்கள் தெருவே கண்முன் வந்து நின்றது.

அந்தத் தகட்டைச் செய்தவர் எட்வின் லாண்ட் என்னும் அமெரிக்கர். ஹார்வர்டு பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டவர். 1937இல் போலராய்டு நிறுவனத்தை அமைத்தவர். 1943இல் குடும்பத்தோடு சாண்டா ஃபே நகருக்கு விடுமுறைக்குச் சென்றிருந்தபோது மூன்று வயது மகளைப் படமெடுத்தார். "ஏன் இப்போதே பார்க்க முடியாது?" என்று கேட்டாளாம் குழந்தை. "நாளைக்கு வாங்க" என்று சொல்லிச் சமாளிக்க அவர் ஸ்டூடியோக்காரர் அல்லரே! யோசிக்கத் தொடங்கினார். 1947 பிப்ரவரியில் நியூயார்க்கில் அறிஞர்கள் முன்னிலையில் ஒரு நிமிடத்தில் படம் காட்டினார். அடுத்த ஆண்டு நவம்பரில் பாஸ்டன் நகரக் கடையொன்றில் அந்தக் காமிரா விற்பனைக்கு வந்தது. 1972இல் வந்த எஸ்எக்ஸ்-70 என்னும் காமிராவோ ஓர் அற்புதம். பொத்தானை அழுத்தியதும் படம் தானே வெளியே வரும். உள்ளேயுள்ள உருளைகள் படத்தாளின் ஓரத்திலிருக்கும் சிறு பையை நசுக்க, அதிலுள்ள காரப்பசை தாளுக்குள் பரவும். காரம் மிகுந்திருக்கும்வரை பசையிலுள்ள சாயம் வெளிச்சத்தைத் தடுத்து நிற்கும். காரம் குறையக் குறையச் சாயம் நிறமிழந்து விலகும். பட்டப்பகலில், நம் உள்ளங்கையிலேயே ஓர் இருட்டறை!

இனி எதிர்க்கடைக்கு வருவோம். கோடாக் நிறுவனம் போலராய்டுக்கு அந்நியமன்று. லாண்ட் இளைஞராயிருந்தபோது அவருடைய தகடுகளை வாங்கி ஆதரித்ததே கோடாக்தான். பிற்காலத்தில் போலராய்டின் வண்ணப் படத்துக்கு வேண்டிய நெகட்டிவையும் கோடாக்கே செய்து கொடுத்தது. ஒரே பந்தியில் உண்டவர்கள் என்றே சொல்லலாம். அந்தக் கோடாக் 1976 ஏப்ரலில் தன் சொந்த உடனடிக் காமிராவை அறிமுகப்படுத்தியது. ஒரு வாரம் ஆவதற்குள் போலராய்டு நீதிமன்றப் படி ஏறியது.

எதை வைத்து வழக்கு? பேட்டண்ட் எனப்படும் காப்புரிமையை வைத்து. காப்புரிமை என்றால் இரகசியத்தைப் பூட்டி வைப்பது என்று நான் எண்ணியிருந்தேன். உண்மை நேர்மாறானது. கண்டுபிடித்தவர் தன் வழியை ஊரறிய எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஈடாக, குறித்த காலம்வரை மற்றவர் அதைச் செய்யாதபடி தடுக்கும் உரிமையை அரசு அவருக்கு அளிக்கிறது. நம் நாட்டில் இன்று அது விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. காலம் முடிந்தால் வழி எல்லாருக்கும் பொது. லாண்ட் தம் பெயரில் ஐந்நூறுக்கு மேற்பட்ட காப்புரிமைகளைப் பெற்றவர்.

கோடாக், நாம் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவது போல அப்படியே எழுதிவிட்டது என்று சொல்வதும் நியாயமாகாது. அதன் படத்தாள் பின்புறமிருந்து ஒளியை வாங்கும், கட்டுமானமும் வேறு. அடிக்கு அடி காப்புரிமை வழக்கறிஞரைக் கேட்டுக்கொண்டே செய்தார்கள். எங்கள் எதிர்க்கடைக்காரரும் விசிறியை மாற்றினாரல்லவா? ஆனால் மாற்றியது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்பதே கேள்வி. பாஸ்டன் நகரக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் 1981இல் விசாரணை தொடங்கியது. லாண்டே கூண்டேறிச் சாட்சி சொன்னார். 1985 செப்டம்பரில் நீதிபதி ரையா ஜோபல் தீர்ப்பளித்தார்: போலராய்டின் ஏழு காப்புரிமைகளைக் கோடாக் மீறியிருக்கிறது. 1986 ஜனவரி 9 முதல் உடனடிக் காமிராவையும் அதன் படத்தாளையும் கோடாக் செய்யக் கூடாது, விற்கக் கூடாது. இழப்பீட்டுக்குத் தனியாக ஒரு விசாரணை நடந்தது. கோடாக் வேண்டுமென்றே மீறவில்லை என்று 1990இல் சொன்ன நீதிமன்றம், இழப்பீட்டை மட்டும் 90 கோடி டாலருக்கு மேல் கணக்கிட்டது. 1991இல் கோடாக் கட்டிய தொகை 92 கோடியே 50 லட்சம் டாலர். லாண்ட் அதைக் காணவில்லை. அவ்வாண்டு மார்ச் முதல் நாளே மறைந்துவிட்டார்.

இந்தக் கதையை ஓர் இரவு அப்பாவிடம் சொன்னேன். உழைத்தவன் வென்றான் என்று மகிழ்வார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"சரி, அந்தக் காமிராவை ஏற்கெனவே வாங்கினவங்க கதி?"

இருபத்தெட்டு ஆண்டு கடை வாசலில் நின்றவர்களுக்கு ஒப்பான கேள்வி அது. கடைக்காரருக்கல்லவா வாடிக்கையாளர் முகம் தெரியும்! ஏறத்தாழ 1 கோடியே 60 லட்சம் காமிராக்கள் விற்றிருந்தன. தீர்ப்புக்குப் பின் அவற்றில் போடப் படத்தாள் இல்லை. காமிராவைத் திருப்பித் தந்தால் வேறு காமிரா, இல்லையேல் பங்குப் பத்திரம், அதுவும் இல்லையேல் கூப்பன் என்று கோடாக் முன்வந்தது. அதன் மேலும் வாடிக்கையாளர் வழக்குகள் எழுந்தன. யானைகள் மோதினால் மிதிபடுவது புல்தான். அந்தக் காமிராக்களை வாங்கியவர்கள் எந்தக் காப்புரிமையையும் மீறியவர்கள் அல்லர்.

"ஜெயிச்சவங்களாவது நல்லா இருந்தாங்களா?" என்றார் அப்பா.

அங்கேதான் கதை என்னையும் திகைக்க வைத்தது. வழக்கு தொடங்குவதற்குச் சில மாதம் முன்பு, 1975 டிசம்பரில், ராச்செஸ்டர் நகரில் கோடாக்கின் சொந்த ஆய்வுக்கூடத்தில் ஸ்டீவன் சாஸன் என்னும் இளம் பொறியாளர் பிலிமே இல்லாத ஒரு காமிராவைச் செய்து காட்டினார். ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய அதற்கு 23 வினாடி பிடித்தது. இன்று நம் சட்டைப்பையிலிருக்கும் காமிராவுக்கு அது பாட்டன். கோடாக் அதற்குக் காப்புரிமையும் வாங்கி வைத்தது. ஆனால் பிலிம் வியாபாரத்தை விட மனம் வரவில்லை. வழக்கில் வென்ற போலராய்டு 2001 அக்டோபரில் கடனாளிப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் சென்றது. தோற்ற கோடாக் 2012 ஜனவரியில் சென்றது. அதற்கு இரண்டாண்டு முன்பு, படம் தொடர்பான காப்புரிமையை மீறியதாக ஆப்பிள் மீது வழக்குத் தொடுத்திருந்த கோடாக், தன் டிஜிட்டல் படக் காப்புரிமைகளைச் சுமார் 52 கோடி டாலருக்கு விற்றது. பணம் கொடுத்த கூட்டத்தில் ஆப்பிளும் கூகுளும் சாம்சங்கும் இருந்தன.

வழக்கால்தான் இரண்டும் விழுந்தன என்று நான் சொல்லவில்லை, அது பிழை. காப்புரிமை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உரிமை காக்கப்படாவிட்டால் சிறிய நிறுவனம் பெரியதன் முன் நிற்பது எங்ஙனம்? லாண்டுக்குக் கிடைத்தது நீதியே. ஆனால் எந்த நீதிமன்றமும் நேற்று நடந்ததற்குத்தான் தீர்ப்புச் சொல்லும். நாளை என்ன வரும் என்பதை அது சொல்லாது. வயலுக்கு வேலி வேண்டும்; வேலியையே பார்த்துக்கொண்டிருந்தால் பருவம் மாறுவது கண்ணில் படாது.

அப்பா நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "நானும் அவன் போர்டையே பார்த்துட்டிருந்தேன். அவனும் என் போர்டையே பார்த்துட்டிருந்தான். நடுவுல ரோட்டுல போறவன் கையில என்ன இருக்குன்னு ரெண்டு பேருமே பார்க்கல."

எதிர்க்கடையும் 2018இல் மூடப்பட்டது. இப்போது அவர் தம் வீட்டு முன்பகுதியில் ஜெராக்ஸ் எடுக்கிறார்.

2023இல் அக்காளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. பத்திரிகை அடித்து வந்த மறுநாள் காலை, அப்பா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் வைத்துக்கொண்டு என்னையும் அழைத்தார். எங்கே என்று கேட்கவில்லை. தெரு திரும்பியதுமே புரிந்துவிட்டது. இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் அந்த வாசலில் நின்றார். ஜெராக்ஸ் எந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் அதை நிறுத்த மறந்து எழுந்து நின்றார். "உள்ள வாங்கண்ணே" என்ற இரண்டு சொல் வெளிவரச் சற்று நேரமாயிற்று. "உன் பொண்ணு கல்யாணம்டா, நீ இல்லாம எப்படி?" என்றார் அப்பா.

மண்டபத்தில் குடும்பப் படம் எடுக்கும்போது அப்பா அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். படம் எடுத்ததும் குழந்தைகள் "எங்கே, காட்டுங்க, காட்டுங்க" என்று காமிராக்காரரை மொய்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பின்னால் இரண்டு பழைய இருட்டறைக்காரர்களும் தலை சாய்த்து அந்தச் சிறு திரையைப் பார்த்தார்கள்.

"இடது பக்கம் வெளிச்சம் கொஞ்சம் கம்மிண்ணே" என்றார் சித்தப்பா.

"ஆமாடா, நானும் அதைத்தான் பார்த்தேன்" என்றார் அப்பா.