மூன்று தேசிக்காயும் நான் சொன்ன ஒரு சொல்லும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் ஆறுதலாக வாசியுங்கள். குறிப்பாக ஆசிரியர்கள்.

போன வருடம் இரண்டாம் தவணை. தரம் 10 வகுப்பு. நான் பலகையில் இடை, இடையம், ஆகாரம் என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். கடைசி வாங்கில் ஒரு பொடியன் மூன்று தேசிக்காயை மேலே எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த தேசிக்காய் போல. பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு எனக்கு ஏற்கெனவே தலையிடி. "படிக்க வந்தியா, வித்தை காட்ட வந்தியா? இப்படியே போனா சந்தியில துண்டு விரிச்சுத்தான் சாப்பிடுவாய்" என்று சொல்லிவிட்டேன். வகுப்பு சிரித்தது. அவன் ஒன்றும் பேசவில்லை. தேசிக்காய்களைப் பைக்குள் போட்டுவிட்டுக் குனிந்துகொண்டான்.

அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வரவுப் பதிவேட்டில் பத்து நாள் வெறும் சிவப்புக் கோடு.

பத்தாம் நாள் பின்னேரம் அவன் வீட்டுக்குப் போனேன். வீதியிலிருந்து உள்ளுக்குப் போகிற மணல் ஒழுங்கை. வேலிக்கு அங்கால் கடல் இரைச்சல் கேட்டது. அம்மம்மா ஒருவர் வெளியே வந்தார். "வாங்கோ டீச்சர், இருங்கோ" என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். தாய் வெளிநாட்டில் வீட்டு வேலை. தகப்பனைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பொடியன் மாமாவோடு கரைவலைக்குப் போகத் தொடங்கியிருந்தான்.

அவன் வந்ததும் நான் முதலில் கேட்டது, "எங்க பழகினாய் இதை?"

"தங்கச்சி அழுறவள் டீச்சர். பின்னேரத்தில அம்மாவைக் கேட்டு அழுவாள். இதைச் செய்தா மேல பார்ப்பாள். பார்த்தா அழமாட்டாள்."

எனக்குத் தொண்டை அடைத்தது. அங்கேயே, அம்மம்மாவுக்கு முன்னால், "நான் அப்படிச் சொன்னது பிழை, என்னை மன்னிச்சுக்கொள்" என்றேன். அவன் தலையை ஆட்டினான், அவ்வளவுதான்.

அம்மம்மா பிளேன்ரீ தந்தபடி, "டீச்சர் எந்த ஊர்?" என்றார்.

"நீராவிப்பிட்டி."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப நீங்கள் தொண்ணூறில போன ஆக்கள்" என்றார். ஓம் என்றேன். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது எனக்கு ஒரு வயது. புத்தளத்து அகதி முகாமில்தான் வளர்ந்தேன். அந்த அம்மா 2009 இல் எதை எதை இழந்தார் என்று அவரும் விரித்துச் சொல்லவில்லை. இன்னும் ஒரு கரண்டி சீனி போட்டார்.

வீட்டுக்கு வந்து படுத்தால் நித்திரை வரவில்லை. எழும்பிப் போனை எடுத்தேன். நான் கேலி செய்த அந்த விஷயம் உண்மையில் என்ன என்று தேடத் தொடங்கினேன். இந்த வித்தையை ஆங்கிலத்தில் ஜக்லிங் என்பார்கள். அன்றைக்குத் தொடங்கிய தேடல் மாதக்கணக்கில் போனது. எனக்குப் பிடித்ததை மட்டும் சொல்கிறேன்.

எகிப்தில் பெனி ஹசன் என்ற இடத்தில் ஏறத்தாழ 4000 வருடப் பழைய கல்லறை ஒன்றின் சுவரில், பெண்கள் வரிசையாக நின்று பந்துகளை எறிந்து பிடிக்கிற ஓவியம் இருக்கிறது. ஒருத்தி கைகளைக் குறுக்காக மாற்றிப் பிடிக்கிறாள். உலகத்தில் இந்த வித்தைக்குக் கிடைத்த மிகப் பழைய சாட்சிகளில் ஒன்று அது. சாட்சி சொல்வது பெண்கள்.

நம் தமிழிலும் அப்படித்தான். சங்கப் பாடல்களில் பெண் பிள்ளைகள் ஆற்று மணலில் கழங்கு ஆடுகிறார்கள். பொன்னால் செய்த கழங்குகூட புறநானூற்றில் வருகிறது. பெருங்கதையில் 'பந்தடி கண்டது' என்றே ஒரு பகுதி. அரண்மனைப் பெண்கள் எண்ணி எண்ணிப் போட்டியாகப் பந்தடிக்கிறார்கள். அம்மானை என்பதும் காய்களை எறிந்து பிடித்தபடி பாடும் பெண்கள் விளையாட்டு. ஒருத்தி ஒரு செய்தி சொல்ல, அடுத்தவள் கேள்வி கேட்க, மூன்றாமவள் பதில் சொல்லுவாள். மாணிக்கவாசகர் திருவம்மானை என்று 20 பாட்டுப் பாடியிருக்கிறார். பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானைக்கு ஒரு பருவமே ஒதுக்கியிருக்கிறது. பிள்ளைத்தமிழ் பாடியவர்களில் நம் முஸ்லிம் புலவர்களும் உண்டு.

இதை வாசித்தபோது என் உம்மும்மாவின் ஞாபகம் வந்தது. கொக்கான் வெட்டுவதில் அவவை வெல்ல முகாமில் ஆள் இல்லை. ஐந்து கல், ஒன்றை மேலே எறிந்து அது கீழே வருமுன் மற்றதை அள்ளுவா. மழை நாளில் கொட்டிலுக்குள் இருந்து எங்கள் எல்லோருக்கும் பழக்கினா. படித்தவ இல்லை. ஆனால் கல் மேலே நிற்கிற நேரத்தை அவவின் கை அறிந்திருந்தது. அவவை யாரும் வித்தைக்காரி என்று சிரித்ததில்லை. நான்தான் ஒரு பிள்ளையைச் சிரிக்க வைத்தேன்.

பிறகு ராமசாமியின் கதையைக் கண்டுபிடித்தேன். வெள்ளைக்காரன் நாக்கில் ரமோ சாமி. இந்தியாவிலிருந்து போய், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனைக் கலக்கியவர். 1819 இல் அமெரிக்காவுக்கும் போய் வித்தை காட்டினார். வில்லியம் ஹஸ்லிற் என்ற ஆங்கிலக் கட்டுரையாளர் 1821 இல் இந்திய வித்தைக்காரர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வெள்ளை உடையும் தலைப்பாகையுமாக நிலத்தில் இருந்தபடி நான்கு பித்தளைப் பந்துகளை ஒரே நேரத்தில் ஆட்டுகிறவர் அதில் வருகிறார். அவர் ராமசாமிதான் என்று பொதுவாகக் கருதுகிறார்கள். அந்தக் கட்டுரையில் ஹஸ்லிற் தன்னையே கேட்கிறார்: இந்த மனிதன் இதைச் செய்கிற அளவுக்குப் பிழையில்லாமல் நான் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா? ஒன்றுமில்லை என்று வெட்கப்படுகிறார். தன் கட்டுரைகளில் இருக்கும் பிழையை யாரும் உடனே கண்டுபிடிக்க முடியாது, பந்து விழுந்தால் ஊரே பார்க்கும் என்பது அவர் எண்ணம்.

அந்த ராமசாமி 1850 இல் லண்டனில் வறுமையில் இறந்தார். அடக்கம் செய்யக் காசில்லாமல் மனைவி பத்திரிகை வழியாக உதவி கேட்க வேண்டியிருந்தது. நான் அன்று வகுப்பில் சொன்ன 'துண்டு விரிச்சு' என்ற சொல் இந்த இடத்தில் எனக்குச் சுட்டது. குறை அந்த மனிதனின் கையில் இருக்கவில்லை. பல வருடம் கைதட்டிய ஊர் கடைசியில் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னொருவர் என்ரிக்கோ ரஸ்ரெல்லி. 1896 இல் ரஷ்யாவில் பிறந்த இத்தாலியர், சர்க்கஸ் குடும்பம். பத்துப் பந்து வரை ஆடியவர். 1931 இல் 34 வயதில் மௌத்தாகிவிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் வந்தார்கள். 2012 இல் அலெக்ஸ் பரன் என்ற பிரித்தானிய இளைஞர் 11 பந்தை எறிந்து 23 பிடி பிடித்தார்.

ஏன் ஒவ்வொரு பந்து கூடும்போதும் இவ்வளவு கஷ்டம்? இதில் விஞ்ஞானம் இருக்கிறது. ஒரு பந்து ஒரு செக்கன் ஆகாயத்தில் நிற்க ஏறத்தாழ ஒன்றேகால் மீற்றர் உயரம் போதும். இரண்டு செக்கன் நிற்க வேண்டுமென்றால் 5 மீற்றர் எறிய வேண்டும். நேரம் இரண்டு மடங்கு, உயரம் நாலு மடங்கு. எங்கள் வகுப்பறைக் கூரை அதற்குத் தாங்காது.

இனித்தான் என் பாடத்துக்கு வருகிறேன். 1980களில் கணிதம் தெரிந்த சில இளைஞர்கள், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தனித்தனியாக, இந்த வித்தையை எண்களால் எழுதும் முறை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். வலது கை, இடது கை என்று மாறி மாறி எறிகிறோம். ஒவ்வொரு எறிதலும் ஒரு தட்டு. எறிந்த பந்து எத்தனை தட்டுக்குப் பிறகு மறுபடி எறியப்படுகிறதோ, அதுதான் அந்த எறிதலின் எண். மூன்று பந்தின் சாதாரண ஆட்டம் 3, 3, 3. இன்னொரு ஆட்டம் 4, 4, 1. மற்றொன்று 5, 3, 1. எண்களைக் கூட்டி வகுத்துப் பாருங்கள். 9 ஐ 3 ஆல் வகுத்தால் 3. எந்த ஆட்டமானாலும் எண்களின் சராசரிதான் பந்துகளின் எண்ணிக்கை!

நான் அன்று பலகையில் எழுதிக்கொண்டிருந்ததும் இதே 'இடை'தான். அவன் கடைசி வாங்கில் அதைக் கையால் செய்துகொண்டிருந்தான். நான்தான் பார்க்கவில்லை.

அவன் திரும்பி வந்த கிழமை, அவனைக் கேட்டு, அவன் சம்மதித்த பிறகு, முன்னால் வந்து எறியச் சொன்னேன். பிள்ளைகள் தட்டு எண்ணினார்கள். 5, 4 என்று எழுதினேன். சராசரி நாலரை. "அரைத் தேசிக்காயை எப்பிடி டீச்சர் எறியிறது?" என்று ஒரு பிள்ளை கேட்க எல்லோரும் சிரித்தோம். இந்த முறை அவனும் சிரித்தான்.

பிறகு 5, 1, 3 என்று எழுதி, "சராசரி 3, ஆகவே இதுவும் செய்யலாம்" என்றேன்.

"ஏலாது டீச்சர்" என்றான். "ஐஞ்சும் மூண்டும் ஒரு கையில ஒண்டா வந்து விழும்."

எண்ணிப் பார்த்தோம். முதலாம் தட்டில் எறிந்த 5, ஆறாம் தட்டுக்கு வரும். மூன்றாம் தட்டில் எறிந்த 3, அதுவும் ஆறாம் தட்டுக்குத்தான் வரும். அவன் சொன்னது சரி, நான் பிழை. 5, 3, 1 ஓடும். அதே எண்கள், வரிசை மாறினால் மோதும். சராசரி சரியாக இருந்தால் மட்டும் போதாது என்பதை என் மாணவன் எனக்குப் படிப்பித்தான். நான் பலகையில் எழுதியதை நானே வெட்டினேன்.

இதற்குப் பிறகு ஒரு பெரியவர் என் வாப்பாவிடம், "மகள் பள்ளிக்கூடத்தில வித்தை படிப்பிக்கிறாவாமே, சிஹ்ர் இல்லையா?" என்று கேட்டாராம். அவரில் கோபமில்லை. 'வித்தை' என்ற ஒரே சொல்லுக்குள் நாம் இரண்டையும் போட்டு வைத்திருக்கிறோம். 1344 இல் நம் இலங்கைக்கு வந்து பாவா ஆதம் மலை ஏறிய இப்னு பதூதா, பிறகு சீனத்தில் ஒரு வித்தையைப் பார்த்து நெஞ்சு படபடத்து மருந்து குடித்ததாகச் சொல்கிறார். ஆகாயத்தில் எறிந்த பந்தின் வாரைப் பிடித்துச் சிறுவன் ஏறி மறைகிறான், அவனுடைய கை கால்கள் வெட்டுண்டு விழுகின்றன, பிறகு அவன் முழுசாக எழும்புகிறான். பக்கத்தில் இருந்த காழி, அல்லாஹ் மேல் ஆணையாக ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, வெட்டவும் இல்லை, எல்லாம் கண்கட்டு என்றாராம். கண்கட்டு அது. மூன்று தேசிக்காயில் கண்கட்டு எங்கே? எல்லாம் வெளிச்சத்தில் நடக்கிறது. பிடித்தால் பிடித்தது, விழுந்தால் விழுந்தது. வாப்பா இதை அந்தப் பெரியவருக்கு விளங்கப்படுத்தினார். அவருக்கும் விளங்கியது.

நானும் பழகுகிறேன். கட்டிலுக்கு முன்னால் நின்று எறிந்தால் விழுவது மெத்தையில் விழும், குனிந்து குனிந்து இடுப்பு நோகாது. முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று. பந்தைப் பார்க்காமல் அது உயரே திரும்புகிற இடத்தைப் பார்க்க வேண்டும். 2004 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வந்த ஆய்வு ஒன்றில், மூன்று மாதம் இதைப் பழகிய 12 பேரின் மூளையில் அசைவைப் பார்க்கும் பகுதி பெருத்திருந்தது. பழகுவதை விட்டதும் மறுபடி குறைந்துபோனது. கணக்கும் அப்படித்தான் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். இதுவரை என் சாதனை 22 பிடி. என் பிள்ளைகள் இன்னும் சிரிக்கிறார்கள்.

இதை வெற்றிக் கதையாக முடிக்க எனக்கு விருப்பம். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன். அவன் போன தவணை கணிதத்தில் எடுத்தது 41. அதற்கு முதல் 23. சாதாரண தரம் எழுதிவிட்டு மாமாவோடு கடலுக்குத்தான் போவேன் என்கிறான். தடுக்க எனக்கு உரிமை இல்லை, தாய் அனுப்பும் காசு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். பரீட்சை வரைக்கும் வருகிறேன் என்று வாக்குத் தந்திருக்கிறான். வருகிறான். அல்ஹம்துலில்லாஹ்.

ஆசிரிய நண்பர்களே, கடைசி வாங்கில் ஒரு பிள்ளை வேறு ஏதாவது செய்துகொண்டிருந்தால், பேசுவதற்கு முதல் அது என்னவென்று ஒருக்கால் கேளுங்கள். நான் கேட்கப் பத்து நாள் பிந்தினேன்.

உங்கள் ஊரில் கொக்கானுக்கு என்ன பெயர்? உங்கள் உம்மும்மாவோ அம்மம்மாவோ எத்தனை கல்லில் விளையாடினார்கள்? கீழே எழுதுங்கள், வகுப்பில் வாசித்துக் காட்டுகிறேன். அந்தப் பிள்ளைக்கும் அவனுடைய தங்கச்சிக்கும் துஆச் செய்யுங்கள்.