பார்த்துச் சொல்றேன்

முதலில் ஒரு எக்செல் ஷீட்தான் இருந்தது. சோழிங்கநல்லூரில் லிஃப்ட் உள்ள ஃப்ளாட். கடன் 50 லட்சம், 8.5 சதவீதம், 20 வருஷம். மாதத் தவணை 43,391 ரூபாய். முதல் தவணையில் 35,417 வட்டிக்கே போகும், அசலில் குறைவது 7,974. இதைப் பார்த்ததும் லேப்டாப்பை மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

மேடவாக்கம் வீட்டை விற்றிருந்தால் இவ்வளவு கடன் தேவையில்லை. 48 லட்சம் தேறும். அதையே 18,000 வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு 2,16,000, அதாவது நாலரை சதவீதம். எட்டரைக்கு வாங்கி நாலரைக்கு விடுவது எந்த ஊர்க் கணக்கு என்று நண்பன் கேட்டான். ஆனால் அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாள். "அது அப்பாவோட பி.எஃப். காசுடா." அந்த வீட்டின் இரண்டு மாடிப் படிகளை அவள் முட்டி ஏற மறுத்ததால்தான் புது வீடே. ஆகவே அதில் இருப்பதும் இல்லை, விற்பதும் இல்லை. வாடகைக்கு விடுவது.

புரோக்கர் கேட்ட முதல் கேள்வி: "எந்த மாதிரி ஆளுங்க சார் பாக்கணும்?"

இந்தக் கேள்விக்கு மறுபக்கத்தில் நான் நின்றிருக்கிறேன். 2012இல் வேலை கிடைத்து சென்னை வந்தபோது, ஒரு வீட்டுக்காரர் "நான்வெஜ் சமைப்பீங்களா?" என்றார். இன்னொருவர் ஊர் கேட்டார், பிறகு ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார். மூன்றாமவர் மட்டும் மரியாதையாக, "சொந்தக்காரங்க வர்றாங்க தம்பி" என்றார். அந்த வீட்டு வாசலில் அடுத்த இரண்டு மாதமும் டூ-லெட் பலகை தொங்கியது. கோபத்தில் ஃபேஸ்புக்கில் நீளமாக எழுதினேன். நிறைய லைக் வந்தது.

"யாரா இருந்தாலும் ஓகே" என்றேன் புரோக்கரிடம். பெருமையாகத்தான் இருந்தது.

முதலில் வந்தவர்கள் மூன்று நர்ஸுகள். பேரம் பேசவில்லை. 18,000 சம்மதம், மூன்று மாத அட்வான்ஸ் கையில் தயார். (2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாதம்தான் என்கிறது; ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளவும் அதே சட்டம் வழி விடுகிறது. நான் எழுத நினைத்தது ஐந்து.) அவர்களில் ஒரு பெண் சமையலறைக் குழாயைத் திறந்து, தண்ணீர் வருகிறதா என்று பார்த்தாள். நான்கூட வாங்கும்போது அதைப் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி அசோசியேஷன் செயலாளர் போன் செய்தார். "ஃபேமிலிக்கு மட்டும்தான்னு பேச்சு சார். நைட் ஷிஃப்ட், போக வர ஆளுங்க... உங்களுக்கே தெரியும்." எனக்கு என்ன தெரியும் என்று கேட்டிருக்கலாம். அப்படி எழுத்தில் விதி எங்கே இருக்கிறது என்றும் கேட்டிருக்கலாம். "பார்த்துச் சொல்றேன் சார்" என்றேன்.

நான்கு நாள் கழித்து அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். "அண்ணா, வீடு என்னாச்சு?"

"சொந்தக்காரங்க வர்றாங்கம்மா."

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் தயாராக இருந்தது. அவள் "சரிங்கண்ணா" என்று உடனே வைத்துவிட்டாள். முதல் தடவை கேட்கிற குரலாக இல்லை அது.

ஒன்றரை மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. எக்செல்லில் காலி மாதத்துக்கென்று வருஷத்துக்கு ஒன்றுதான் ஒதுக்கியிருந்தேன். பிறகு ஒரு கணவன், மனைவி, குழந்தை. 17,000 ஆகப் பேசிக் குறைத்தார்கள். செயலாளர் அவர்களுக்குக் கைகொடுத்து வரவேற்றாராம்.

அம்மா சாப்பிடும்போது கேட்டாள், "அந்த நர்ஸ் பொண்ணுங்க என்ன ஆனாங்க?"

"வாடகை கட்டுப்படியாகலையாம்."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. ரசம் ஊற்றினாள். நான் எழுந்து போய் 18,000 இருந்த கட்டத்தில் 17,000 என்று மாற்றினேன்.