நாவறியாத பதம்

இறைவனுக்குப் படைக்கும் பண்டத்தைச் சமைப்பவர், நிவேதனம் ஆகும் முன் அதை நாவில் வைத்துப் பார்ப்பதில்லை. தாய் செய்யக் கண்ட மகளும், மாமியார் செய்யக் கண்ட மருமகளும் எந்த நூலையும் புரட்டாமலேயே வழிவழியாகக் கைக்கொண்டு வரும் நியமம் இது. பல ஆலயங்களின் மடைப்பள்ளிகளில் கைங்கரியம் செய்வோர் வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்வதும் உண்டு. பண்டத்தின் மணத்தைக்கூட முதலில் பெருமானே நுகர வேண்டும் என்பது அதன் கருத்து.

சபரி அன்னை கனிகளைக் கடித்துப் பார்த்து இராமபிரானுக்குக் கொடுத்தாள் என்று மக்கள் வழக்கில் ஒரு கதை உண்டு. கண்ணப்பர் சுவைத்துப் பார்த்துப் படைத்த ஊனைக் காளத்திநாதர் ஏற்றருளினார் என்று பெரியபுராணம் பேசுகிறது. அவை அன்பு, விதியைக் கடந்து நின்ற இடங்கள். நம்மைப் போன்றோருக்கு விதியே துணை.

சற்று நின்று எண்ணினால் இந்த விதி வியப்பைத் தரும். ருசி பாராமலே ருசியாகச் சமைக்க வேண்டும் என்றால், சமைப்பவருக்குத் துணை எது? முதல் துணை, அளவு. திருமலையில் லட்டு தயாரிக்க இன்ன பொருள் இத்தனை என்று வகுத்து வைத்த கணக்குக்குத் ‘திட்டம்’ என்றே பெயர். நம் ஊர்க் கோயில்களில் அதைப் ‘படித்தரம்’ என்பார்கள். அளவுக்கு அடுத்த துணைகள் கண், செவி, விரல் நுனி ஆகிய மூன்று. நாவின் உதவியை நாடாமல் இவற்றைக் கொண்டே பக்குவம் அறிந்தவர்கள் நம் முன்னோர்கள்.

கல்லணைக்குக் கிழக்கே, கொள்ளிடக் கரையில் உள்ள கோவிலடி என்னும் திருப்பேர்நகர், நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்று. அங்கே பள்ளிகொண்ட பெருமானுக்கு அப்பக்குடத்தான் என்று திருநாமம். துர்வாச முனிவரின் சாபத்தால் வலிமை இழந்த உபமன்யு என்னும் மன்னன், சாபம் நீங்க அங்கே அன்னதானம் செய்து வந்தான் என்பது தல வரலாறு. ஒரு நாள் முதியவர் வடிவில் வந்த பெருமான், சமைத்து வைத்திருந்த உணவு அனைத்தையும் உண்டு தீர்த்தார். ‘இன்னும் என்ன வேண்டும்?’ என்று மன்னன் பணிந்து கேட்க, ‘ஒரு குடம் அப்பம் வேண்டும்’ என்றாராம். அப்பம் வந்தது, சாபமும் நீங்கியது. இன்றும் அந்தச் சன்னிதியில் இரவில் பெருமானுக்கு அப்பம் அமுது செய்விக்கப்படுகிறது.

இவ்வாறு மாவையும் இனிப்பையும் சேர்த்துப் பொரித்தெடுக்கும் எளிய பண்டத்துக்கு நம் வழிபாட்டில் பெரிய இடம் உண்டு. கேரளத்தில் கொட்டாரக்கரைக் கணபதிக்கு உண்ணியப்பம். சபரிமலை ஐயப்பனுக்கு அரவணையோடு அப்பம். திருக்கார்த்திகையன்று இல்லந்தோறும் அப்பமும் பொரி உருண்டையும். தீபாவளியை ஒட்டி வரும் கேதார கௌரி நோன்பில் இருபத்தோரிழை நோன்புக் கயிற்றோடு இருபத்தொரு அதிரசம் வைத்துப் படைப்பது பல குடும்பங்களின் வழக்கம்.

இவற்றுள் கைத்திறனை மிகவும் சோதிப்பது அதிரசம்தான். பச்சரிசியை ஊறவைத்து, நீரை வடித்து, நிழலில் துணி விரித்து உலர்த்த வேண்டும். முற்றும் காயவிடலாகாது. கையில் அள்ளினால் ஈரம் தெரிய வேண்டும். ஆனால் உள்ளங்கையில் நீர் ஒட்டக் கூடாது. அந்தப் பருவத்தில் இடித்துச் சலித்த மாவுதான் பாகை உறிஞ்சும். ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்பது பலரும் கொள்ளும் அளவு. வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, மீண்டும் அடுப்பில் ஏற்றிக் காய்ச்சும்போதுதான் உண்மையான தேர்வு தொடங்குகிறது.

கொதிக்கக் கொதிக்கப் பாகில் நீர் குறைகிறது. நீர் குறையக் குறையக் கொதிக்கும் சூடு ஏறுகிறது. சர்க்கரைப் பாகு மெல்லிய உருண்டையாகத் திரளும் நிலை ஏறத்தாழ 112 முதல் 116 பாகை செல்சியஸ் வரை என்று இன்றைய சமையல் நூல்கள் குறிக்கின்றன. நம் பாட்டிமார்களிடம் வெப்பமானி இல்லை. ஒரு கிண்ணம் குளிர்ந்த நீர் இருந்தது. அதில் ஒரு சொட்டுப் பாகை விடுவார்கள். கரைந்தால் போதாது. கரையாமல் அடியில் தங்கி, விரலால் கூட்டினால் திரண்டு, உருட்டினால் வெண்ணெய் போல் குழைந்தால் அதிரசப் பதம். பொரி உருண்டைக்கோ பாகு இன்னும் முற்ற வேண்டும். நீரில் திரட்டிய அதன் உருண்டையைத் தட்டில் போட்டால் ‘ணங்’கென்று ஓசை எழும். ஒன்றை விரல் சொல்லும். மற்றொன்றைச் செவி சொல்லும்.

பாகு இளகியிருந்தால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும். முற்றிவிட்டால் பல் பதியாது. பதம் சரியாக இருந்தால், ஏலமும் சுக்கும் சேர்த்து, அடுப்பிலிருந்து இறக்கிய பாகில் மாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளறி, மேலே நெய் தடவி, ஓரிரு நாள் மூடி வைப்பார்கள். பிறகு வாழையிலையில் தட்டி, மிதமான தீயில் பொரித்து, இரண்டு கரண்டிகளுக்கு இடையே வைத்து எண்ணெயைப் பிழிந்தெடுப்பார்கள். இத்தனையிலும் நாவுக்கு வேலையே இல்லை.

கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் எழுபத்து நான்கு வயது மூதாட்டி ஒருவர் இருக்கிறார். ஐம்பது ஆண்டுகளாக அந்த வீட்டு நோன்புக்கு அதிரசம் சுட்டது அவர் கைதான். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்குச் சர்க்கரை நோய் என்று மருத்துவர் சொன்னார். அன்றோடு அவர் இனிப்பை விட்டார். அதனினும் துயரமானது, இனிப்புச் செய்யும் அடுப்பையும் விட்டுவிட்டார். ‘வாயில வைக்க முடியாதவளுக்கு அடுப்படியில என்ன வேலை?’ என்பது அவர் சொன்ன காரணம். நோன்பு மருமகளின் பொறுப்பாயிற்று.

மருமகள் முதல் ஆண்டு தாமே முயன்றார். அளவு தவறவில்லை. பாகைக் கடிகாரம் பார்த்து இத்தனை நிமிடம் என்று காய்ச்சினார். ஆனால் அடுப்பின் தீயும் பாத்திரத்தின் கனமும் வெல்லத்தின் ஈரமும் வீட்டுக்கு வீடு, நாளுக்கு நாள் மாறுபவை. நிமிடக் கணக்கு அவற்றை அறியாது. எண்ணெயில் இட்ட அதிரசம் மணல்வீடு போல் உதிர்ந்தது. அடுத்த இரண்டு தீபாவளிகளுக்கும் கடை அதிரசமே படைக்கப்பட்டது. அதில் குற்றம் ஒன்றும் இல்லை. மனம் உவந்து வைத்தது எதுவாயினும் அம்பிகை ஏற்பாள். எனினும், படைத்த தட்டைப் பார்த்த மூதாட்டி ஒன்றும் பேசாமல் திண்ணைக்குப் போய்விட்டார். வீட்டிலிருந்து ஏதோ ஒன்று போய்விட்டதென்பது எல்லோருக்கும் தெரிந்தது; வாய்விட்டுச் சொன்னவர் எவருமில்லை.

அந்த மௌனத்தைக் கலைத்தது பேத்தியின் டோனட் ஆசை. பதினொரு வயதுச் சிறுமி. பள்ளித் தோழி ஒருத்தி கொண்டு வந்ததைப் பார்த்து, கோடை விடுமுறையில் ‘வீட்டிலேயே செய்து தா’ என்று தாயிடம் பிடிவாதம் பிடித்தாள். டோனட் என்பது நமக்குப் புதிய பெயர். பண்டம் அத்தனை அந்நியமன்று. அமெரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்கள் மாவை உருட்டிக் கொழுப்பில் பொரித்துத் தின்ற பலகாரத்தின் வழிவந்தது அது. முட்டை சேர்க்காமலும் செய்யலாம். மைதா, கை பொறுக்கும் சூட்டில் பால், சிறிது சர்க்கரை, வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, மாவு பொங்குவதற்கு ஈஸ்ட். பிசைந்து மூடி வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேலாகி மாவு இருமடங்காக உப்பும். டம்ளரால் வட்டமாக வெட்டி, நடுவில் சிறு மூடியால் துளையிட்டு, மீண்டும் சற்று ஓய்வு கொடுத்துப் பொரிக்க வேண்டும்.

மருமகளுக்கு ஐயம் வந்தது. மாவு போதுமான அளவு பொங்கியதா, இல்லையா? கூடத்தில் அமர்ந்திருந்த மூதாட்டி எழுந்து வந்து சமையலறை வாயிலில் நாற்காலியை இட்டு உட்கார்ந்தார்.

“விரலால அழுத்திப் பாரு. குழி உடனே எழும்பினா இன்னும் நேரமாகணும். எழும்பாமலே கிடந்தா புளிச்சிட்டுதுன்னு அர்த்தம். மெதுவா எழும்பினா சரி” என்றார்.

அது இட்ட குழி, மெதுவாக எழும்பியது.

“எண்ணெய் காய்ஞ்சிட்டுதா அத்தை?” என்று மருமகள் கேட்டார்.

“ஒரு கிள்ளு மாவைப் போடு. அடியிலேயே கிடந்தா காயலை. போட்டதும் சிவந்தா தீ அதிகம். நிதானமா மேல வரணும்.”

“நடுவுல ஓட்டை எதுக்கு அப்பாயி?” என்று பேத்தி கேட்டாள்.

“உளுந்து வடைக்கு எதுக்கோ அதுக்குத்தான். ஓரம் சிவக்கிற நேரத்துல நடுவும் வேகணுமில்ல?”

வாணலியில் சலசலப்பு அடங்கியதும் ‘இப்ப எடு’ என்றார். பொன்னிறமாக வந்த வட்டங்களில் பொடித்த சர்க்கரை தூவப்பட்டது. மூதாட்டி அதில் ஒரு துணுக்கும் எடுக்கவில்லை. பேத்தி ஒன்றைக் கடித்துவிட்டு வியப்போடு கேட்டாள்: “சாப்பிட்டுப் பார்க்காமலே எப்படி அப்பாயி எல்லாம் சரியாச் சொல்றீங்க?”

“சாமிக்குச் செய்யற அதிரசத்தை நான் என்னைக்குடி சாப்பிட்டுப் பார்த்தேன்?” என்று சொன்னவர், சொல்லி முடித்ததும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். தம் வாயிலிருந்து வந்த சொல்லையே அவர் அப்போதுதான் கேட்டார் போலும். ஐம்பது ஆண்டுகள் அந்த அடுப்படியில் பதம் பார்த்தவை அவருடைய கண்ணும் விரலும் செவியுமே. நோய் அவற்றில் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. நோய் விலக்கியது நாவை மட்டும். நாவுக்கோ அங்கு என்றுமே வேலை இருந்ததில்லை.

அந்த ஐப்பசியில் நாற்காலி மீண்டும் சமையலறைக்கு வந்தது. மருமகள் பாகு காய்ச்சினார். பேத்தி கிண்ணத்து நீரில் விரலை விட்டு, திரண்ட பாகை உருட்டிப் பாட்டியின் விரலில் வைத்தாள். ‘இன்னும் கொஞ்சம்’ என்று இரண்டு முறை பதில் வந்தது. மூன்றாம் முறை மூதாட்டி தலையசைக்கும் முன்பே, ‘இதுதான்’ என்று சிறுமி சொல்லிவிட்டாள். இருபத்தொரு அதிரசமும் உடையாமல் தட்டில் ஏறின. படைத்து முடித்ததும் மூதாட்டி ஒன்றைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்தார்.

இன்று பல இல்லங்களில் முதியோர் இதே காரணம் சொல்லி அடுப்படியை விட்டு விலகி நிற்கிறார்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், மூட்டு வலி, கை நடுக்கம் எனக் காரணங்களுக்குக் குறைவில்லை; அவை பொய்யும் அல்ல. மருத்துவர் விலக்கியதை விலக்கத்தான் வேண்டும். பிரசாதமாயினும் உடலுக்கு ஆகாததைக் கண்ணில் ஒற்றிப் பிறர்க்கு அளிப்பதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் உண்ணக் கூடாது என்பதும் உதவக் கூடாது என்பதும் ஒன்றல்ல. வாணலியைத் தூக்குவதும் மாவைக் கிளறுவதும் இளையவர் செய்யட்டும். பதம் சொல்லும் இடம் மூத்தோருக்கு உரியது.

அளவுகளை ஏட்டில் எழுதிவிடலாம். மெதுவாக எழும்பும் குழியையும், நீரில் குழையும் பாகையும், அடங்கும் எண்ணெயின் ஓசையையும் ஏட்டில் எழுதினால், படிப்பவருக்குச் சொல் மட்டுமே கிடைக்கும், பதம் கிடைக்காது. அது ஒரு விரலிலிருந்து மற்றொரு விரலுக்குத்தான் செல்லும். இடையில் ஒரு தலைமுறை அடுப்பருகே நிற்காமல் போனால், பிறகு அதைக் கேட்டுப் பெற ஆள் இராது.

எனவே அன்பர்கள் தீபாவளி வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. வரும் சங்கடஹர சதுர்த்திக்குப் பிள்ளையாருக்கு நாலு அப்பம் போதும். கோதுமை மாவு, வெல்லம், ஒரு வாழைப்பழம், ஏலக்காய். பேரனோ பேத்தியோ டோனட் கேட்டால் அதையும் மறுக்க வேண்டாம். அந்த மாவில் விரலை அழுத்தக் கற்ற குழந்தை, நாளை பாகிலும் விரலை வைக்கும். ஒரு நாற்காலியை அடுப்பருகே இட்டு அமருங்கள். குழந்தையின் கையைப் பிடித்துப் பதம் காட்டுங்கள். முதல் அப்பம் பெருமானுக்குப் போகட்டும். இரண்டாவது, அதைச் சுட்ட பிஞ்சுக் கைக்கே போகட்டும்.