அக்காவின் அடுப்படி

லண்டன்

அன்புள்ள ஊரவர்களே,

பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா, தலவிலயில் புற்றுநோயோடு வாழ்கிறார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். மார்பில் வந்தது. மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை முடிந்து, இப்போது மூன்று கிழமைக்கு ஒரு தடவை மருந்து ஏத்துகிறார்கள். இதைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். "பேரைப் போடாத. மத்ததை எழுது, நாலு பேருக்கு உதவும்" என்றார்.

அவருடைய குறை மருந்தைப் பற்றியதல்ல. வீட்டைப் பற்றியது. "தங்கச்சி, என்னை அடுப்படிக்குள்ள விடுறாங்க இல்ல. தேத்தண்ணியும் கையில கொண்டுவந்து தாறாங்க. கதிரையில இருந்து இருந்தே எனக்கு விசர் பிடிச்சிடும்" என்கிறார். கிணற்றில் தண்ணீர் அள்ளக் கூடாது, முற்றம் கூட்டக் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது, யாராவது வந்தால் எழும்பக் கூடாது. எல்லாம் பாசத்தில் செய்வதுதான். அந்தப் பாசத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாசம் அக்காவை அவருடைய சொந்த வீட்டிலேயே விருந்தாளி ஆக்கிவிட்டது. மகரகமவில் அவர் இருப்பது மாதத்தில் ஓரிரண்டு நாள். மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில்தான். அந்த நாட்கள் எப்படிப் போகின்றன என்பதும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த நம்பிக்கை எனக்கு இங்கே ஒரு சமையலறையைப் பார்த்து வந்தது. மேற்கு லண்டனில் சாரிங் குரொஸ் வைத்தியசாலை வளவுக்குள் செம்மஞ்சள் சுவரோடு ஒரு சிறிய கட்டடம் இருக்கிறது. பெயர் மேகிஸ். புற்றுநோய் உள்ளவர்களும் அவர்களுடைய வீட்டாரும் முன்னறிவிப்பின்றி உள்ளே போகலாம், காசில்லை. மேகி கெஸ்விக் ஜென்க்ஸ் என்ற பெண்ணின் பெயரால் வந்தது. தோட்டக்கலை பற்றி எழுதியவர். 1993 இல் நோய் திரும்ப வந்துவிட்டது, இன்னும் சில மாதம்தான் என்று அவரிடம் சொன்னார்கள். சொல்லிவிட்டு, அடுத்த நோயாளிக்கு இடம் வேண்டும் என்று ஜன்னல் இல்லாத ஒரு நடைபாதையில் உட்கார வைத்தார்கள். அந்தச் செய்தியை வாங்கிக்கொண்டு ஒரு மனுஷி போய் உட்கார நல்ல இடம் ஒன்று வேண்டாமா என்று கேட்டவர் அவர். கேட்டதோடு நிற்காமல், தனக்கு மருந்து கொடுத்த தாதி லோரா லீயோடு சேர்ந்து அப்படியோர் இடத்துக்குத் திட்டம் போட்டார். 1995 இல் மேகி இறந்தார். அடுத்த வருடம் எடின்பரோவில் முதல் நிலையம் திறந்தது.

இந்த நிலையங்கள் எல்லாவற்றிலும் நடுவில் ஒரு சமையலறை மேசை இருக்கும். வரவேற்பு மேசை கிடையாது. பக்கத்து வீட்டு ஆங்கிலப் பெண்மணியோடு சாரிங் குரொஸ் நிலையத்துக்கு நான் போனபோது என் கண்ணில் பட்டது ஒன்றுதான். யாரும் அவருக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுக்கவில்லை. கோப்பைகள் எங்கே இருக்கின்றன என்று காட்டினார்கள். அவரே கேத்திலில் தண்ணீர் பிடித்தார், எனக்கும் ஊற்றினார், பால் போதுமா என்று கேட்டார். வரும் வழி முழுக்க வாய் திறக்காதவர், கோப்பை கையில் வந்ததும் மேசையில் எதிரே இருந்த முன்பின் அறியாத ஒருவரோடு, தலைமுடி கொட்டியதைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அந்தக் கட்டடத்துக்கு 2009 இல் பிரித்தானியாவின் பெரிய கட்டடக்கலை விருது, ஸ்ரேர்லிங் விருது, கிடைத்தது. எனக்கு அந்த விருதை விட அந்தக் கேத்தில்தான் பெரிது.

அக்காவுக்குக் களைப்பு இருக்கிறதே, படுத்திருந்தால்தானே நல்லது என்று மச்சான் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் மருந்து ஏத்துவதால் வரும் களைப்பு, வயலில் வேலை செய்து வரும் களைப்பு மாதிரி படுத்தால் போய்விடுவதில்லை. படுக்கப் படுக்க தசை மெலியும், களைப்புக் கூடும். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி பல நாட்டு நிபுணர்களைக் கூட்டி 2019 இல் வெளியிட்ட வழிகாட்டலில், கிழமைக்கு மூன்று நாள், 30 நிமிடம் போல, மூச்சு கொஞ்சம் வாங்கும் அளவுக்கு நடந்தாலே களைப்பும் மனப்பதற்றமும் குறைகின்றன என்று சொல்லியிருக்கிறார்கள். மருந்து ஏத்திய முதல் சில நாள் இயலாமல் இருக்கும், அப்போது முற்றத்தைச் சுற்றினால் போதும். பிறகு கோயில் வீதி வரைக்கும். கடற்கரை மணலில் கால் புதைந்து சீக்கிரம் சோர்ந்துவிடும், அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

கிணற்று விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் வீட்டில் சண்டையே. மார்பு சத்திரசிகிச்சையில் அக்குளில் இருக்கும் நிணநீர்க் கணுக்களை எடுத்தால் அந்தப் பக்கக் கை வீங்கக்கூடும். அதற்குப் பயந்து, அந்தக் கையால் வாழ்நாள் முழுக்கப் பாரம் தூக்காதே என்று ஒரு காலத்தில் உலகம் முழுக்கச் சொன்னார்கள். அமெரிக்காவில் கத்ரின் ஷ்மிட்ஸ் என்ற ஆய்வாளர், கை வீக்கம் ஏற்கெனவே உள்ள 141 பெண்களை வைத்துப் பார்த்தார். பயிற்சியாளரின் கண்காணிப்பில், கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை போட்டு, மிகக் குறைந்த பாரத்தில் தொடங்கி மெதுமெதுவாகக் கூட்டியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. திடீரென்று வீக்கம் மோசமாவது அவர்களிடம் குறைவாகவே இருந்தது. 2009 இல் வெளிவந்த முடிவு இது. அதற்காக நாளைக்கே நிறைவாளி இழுக்கச் சொல்லவில்லை. கிளினிக்கில் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடம் கையைக் காட்டி, கால்வாளியில் தொடங்கட்டும். வீங்கினாலோ கனத்தாலோ நிறுத்திவிட்டுப் போய்க் காட்டட்டும். அந்தக் கையில் வெட்டுக்காயம், மீன் முள் குத்து வராமல் பார்ப்பதுதான் முக்கியம். மீன் வெட்டுவதை மட்டும் வேறு யாராவது செய்யுங்கள்.

அடுப்படியில் உண்மையான தொல்லை மணம். நம் கரையில் கருவாட்டு மணம் இல்லாத வீடு ஏது? அக்கா அதிலேயே பிறந்து வளர்ந்தவர். இப்போது அது காற்றில் வந்தால் குடல் புரள்கிறது. தாளிக்கும் புகையும் அப்படித்தான். சூடான சாப்பாட்டில் மணம் கூட, ஆறினதில் குறைவு. அதனால் அவர் கண்டுபிடித்த சாப்பாடு ஆறின இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும். கூடவே ஒரு அவித்த முட்டை அல்லது பருப்பு. வயிறு நிறைய மூன்று நேரம் என்பதை விட்டுவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு நேரம் சாப்பிடுகிறார். இஞ்சித் தேத்தண்ணி குமட்டலுக்குக் கொஞ்சம் கேட்கிறது. பழஞ்சோற்றுக்கு ஆசைப்பட்டார், அதை மட்டும் மறித்தேன். இரவெல்லாம் வெளியில் ஊறிய சோற்றில் கிருமி பெருகும், மருந்தால் வெள்ளை இரத்த அணு குறைந்த உடம்பு அதைத் தாங்காது.

வாய்ப்புண் வந்த கிழமையில் சம்பலைப் பார்த்தாலே அழுகை வந்ததாம். ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் போட்டு, சாப்பிட்ட பிறகும் படுக்க முன்னும் கொப்பளித்துத் துப்பினால் ஆறுதல் கிடைக்கும். பல் துலக்கும் பிரஷ் மென்மையானதாக இருக்க வேண்டும். பெரியம்மாவின் வெற்றிலைத் தட்டத்தை அக்காவின் கண்ணில் படாமல் வையுங்கள். பாக்கு, புகையிலை சேராமல் தனியாகவே, புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இலங்கை ஆண்களிடம் முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். கடலுக்குப் போகும் நம் ஆட்கள் வெற்றிலைபாக்கைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு போவதை நினைத்தால் எனக்கு இங்கே நித்திரை வருவதில்லை.

காய்ச்சலைப் பற்றி நான் சொல்வதை எல்லாரும் கேட்க வேண்டும். நம் ஊரில் காய்ச்சல் என்றால் முதலில் இரண்டு பனடோல், ஒரு கோப்பை கொத்தமல்லி, காலையில் பார்ப்போம் என்ற பேச்சு. அக்காவின் விஷயத்தில் காலை வரைக்கும் பார்க்கக் கூடாது. மருந்து ஏத்தி ஒன்று, இரண்டு கிழமைக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். அப்போது 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் வந்தால் சில மணி நேரத்துக்குள் உயிருக்கு ஆபத்தாகலாம். பனடோல் கொடுத்துக் காய்ச்சலை மறைக்காமல், இரவு இரண்டு மணியானாலும் கிட்டிய அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், கிளினிக் கொப்பியைக் காட்டி, "மருந்து ஏத்துற ஆள்" என்று முதலிலேயே சொல்லுங்கள். வெப்பமானியும் கொப்பியும் ஒரே பையில் கதவுக்குப் பக்கத்தில் தொங்கட்டும். எந்த வீட்டு முச்சக்கரவண்டி என்று இன்றே பேசி வையுங்கள். மகரகம 150 கிலோமீற்றருக்கு மேல். வழியில் பாலாவிச் சந்தியில் நின்று, எங்கே போவது என்று யோசிக்க நேரம் இருக்காது.

இன்னொன்று, முள்ளுச்சீத்தா. சிங்களத்தில் கட்டு அனோதா என்கிறார்களே, அதுதான். வந்த ஒவ்வொருவரும் ஒரு கட்டு இலை கொண்டுவருகிறார்களாம், அவித்துக் குடித்தால் கட்டி கரையுமென்று. மனிதரில் அது புற்றுநோயைக் குணப்படுத்தியதற்கு ஆதாரம் இல்லை. கரீபியன் தீவான குவாதலூப்பில் அந்தப் பழத்தையும் இலைக் கசாயத்தையும் நெடுங்காலம் நிறையச் சாப்பிட்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நோய் கூடுதலாக இருந்ததென்று 1999 இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். இலைக்குப் பதில் இரண்டு முட்டை கொண்டுவாருங்கள்.

வலியைப் பற்றி அக்கா வாய் திறப்பதில்லை. மோர்பின் என்றால் முடிவு நெருங்கிவிட்டது என்ற பயம் நம்மிடம் ஊறியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1986 இலேயே சொல்லிவிட்டது: புற்றுநோய் வலிக்கு மருந்தை வாயால், நேரம் தவறாமல், வலியின் அளவுக்கு ஏற்பக் கொடுக்கலாம், தேவையென்றால் மோர்பினும் தரலாம். வலியைப் பொறுத்துக்கொள்வதில் ஒரு புண்ணியமும் இல்லை. நித்திரையையும் பசியையும் அது தின்றுவிடும். "எவ்வளவு வலிக்குது, பத்துக்கு எத்தனை?" என்று ஒவ்வொரு நாளும் கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். அடுத்த கிளினிக்கில் டொக்டருக்கு அது பெரிய உதவி.

இனித் திருவிழா. யூலைக் கடைசியிலிருந்து ஓகஸ்ட் தொடக்கம் வரை அன்னம்மாள் கோயிலுக்குச் சனம் வந்து நிறையும், சுகம் கேட்டு வருபவர்கள்தான் பாதிப்பேர். அக்கா கோயிலின் முதிரை மரத் தூணடியில் போய் முழந்தாளிட வேண்டும் என்கிறார். வீட்டார் வேண்டாம் என்கிறார்கள். டொக்டரிடம் கேட்டாயிற்று. மருந்து ஏத்தி மூன்றாம் கிழமையில், இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் போகலாம் என்றிருக்கிறார். ஆனால் திருவிழாவின் கடைசி நாள் நெருக்கத்தில் வேண்டாம். நவநாளில் ஒரு விடியற்காலை, சனம் குறைந்த நேரம் போகட்டும். சோளகக் காற்றில் மணல் பறக்கும், தலைக்குப் பருத்தித் துணி கட்டட்டும்.

சிலாபத்திலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் நம் வீட்டுக்கு வந்து தங்குபவர்களுக்குச் சமையல் பொறுப்பு இந்த முறையும் அக்காவுடையதுதான், மச்சானோடு பேசி முடித்துவிட்டேன். என்ன சமைப்பது, எவ்வளவு உலை வைப்பது என்று அவர் சொல்வார். தேங்காய் துருவுவது, பானை இறக்குவது, மீன் வெட்டுவது உங்கள் வேலை. கருவாடு பொரிப்பதானால் அடுத்த வீட்டில். தடிமன், இருமல் உள்ளவர்கள் இந்த வருடம் கோயில் மடத்தில் தங்கிக்கொள்ளுங்கள், அக்கா கோபிக்க மாட்டார்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி