காலண்டரில் ஒரு வட்டம்

மார்பக வலிக்கு மருந்து வாங்க வரும் பெண்கள் கூட்டம் குறையும்வரை ஓரமாக நிற்பார்கள். இருமல் மருந்தும் தைலமும் வாங்குகிறவர்கள் போன பிறகுதான் மடித்த சீட்டு என் பக்கம் நீளும். கவுண்டரில் ஆண்கள் மட்டும் இருந்தால் பிரிக்காமலே வீட்டுக்குத் திரும்பிப்போகும் சீட்டுகளும் உண்டு. பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே வரிதான்: ஈவினிங் பிரிம்ரோஸ் ஆயில், 1000 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பின், மூன்று மாதம்.

அட்டையை எடுத்துக் கொடுத்து பில் போட இரண்டு நிமிடம் போதும். ஆனால் பார்மசிஸ்டின் வேலை அந்த இரண்டு நிமிடத்துக்கு வெளியேதான் இருக்கிறது என்பதை இந்த மருந்து எனக்குக் கற்றுக்கொடுத்தது.

“மூலிகைதானே அக்கா, ஒண்ணும் பண்ணாதில்ல?” என்று கேட்காதவர்கள் குறைவு. மூலிகைதான். பொழுது சாயும்போது மஞ்சளாக, நான்கு இதழோடு விரியும் பூ. அந்துப்பூச்சிகள் தேடி வரும் பூ. சொந்த மண் வட அமெரிக்கா. அங்குள்ள பழங்குடி மக்கள் அதன் வேரைச் சமைத்துச் சாப்பிட்டார்கள். ஒஜிப்வே மக்கள் செடியை ஊறவைத்து, கன்றிப்போன இடத்தில் பற்றுப் போட்டார்கள். 17ஆம் நூற்றாண்டில் அது ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் நான் விற்பது அந்த வேரும் அல்ல, பற்றும் அல்ல. கடுகளவே உள்ள விதையிலிருந்து எடுத்து, ஜெலட்டின் உறையில் அடைத்த எண்ணெய். அது மருந்தாகப் பரவியது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். பழங்குடிகளின் அனுபவத்தை இந்தக் கேப்ஸ்யூலுக்கு நற்சான்றாகக் காட்டுவது சரியில்லை என்று எனக்குப் படுகிறது. அவர்கள் அறிந்தது வேறு மருந்து.

அந்த எண்ணெயில் 70 சதவீதத்துக்கு மேல் லினோலெயிக் அமிலம். அது நம் வீட்டுச் சூரியகாந்தி எண்ணெயிலும் ஏராளமாக உண்டு. வித்தியாசம் மீதியில் இருக்கிறது: 8 முதல் 10 சதவீதம் காமா லினோலெனிக் அமிலம். ஒரு 1000 மில்லிகிராம் கேப்ஸ்யூலில் அது 80 முதல் 100 மில்லிகிராம் வரும். சாதாரணமாக நம் உடம்பே லினோலெயிக் அமிலத்திலிருந்து இதைச் செய்துகொள்ளும். சிலருக்கு அந்த மாற்றம் மந்தமாக நடக்கிறது, அதனால்தான் மார்பு வலியும் தோல் அழற்சியும் வருகின்றன, நேராக இதையே கொடுத்துவிட்டால் சரியாகும் என்பது கருத்து. டேவிட் ஹாரோபின் என்ற ஆய்வாளர் இதை முழுமனதோடு நம்பினார். அவருடைய நிறுவனத்தின் கேப்ஸ்யூல்கள் பிரிட்டனில் கரப்பானுக்கும் மார்பு வலிக்கும் மருந்தாக உரிமம் பெற்றன. பலன் தரும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லையென்று 2002இல் அந்த உரிமம் ரத்தானது.

அதே ஆண்டு நெதர்லாந்திலிருந்து வந்த ஓர் ஆய்வை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். மார்பு வலியுள்ள 120 பெண்களில் சிலருக்கு இந்த எண்ணெய், சிலருக்கு மீன் எண்ணெய், சிலருக்குச் சாதாரண மக்காச்சோள எண்ணெய் கலவை. எல்லாப் பிரிவிலும் வலி குறைந்தது, மக்காச்சோள எண்ணெய் எடுத்தவர்களுக்கும்.

என் கவுண்டரில் நடப்பதை இது எனக்கு விளக்கியது. மூன்று மாதம் சாப்பிட்டுவிட்டு வந்து, “நல்லாக் கேட்டுதுக்கா” என்று சொல்கிற பெண் பொய் சொல்லவில்லை. வலி குறைந்தது உண்மை. ஆனால் மாதவிடாய்க்கு முந்தின நாள்களில் ஏறி, தீட்டு வந்ததும் இறங்குகிற வலி, யாரும் மருந்து தராமலேயே சில மாதங்களில் அடங்குவது சகஜம். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அதற்குப் பிறகு இறங்குகிற வலிக்குக் கையில் இருந்த மருந்து பெயர் வாங்கிக்கொள்கிறது.

அதனால் அட்டையோடு ஒரு வேலையும் கொடுக்கிறேன். வீட்டுக் காலண்டரில் வலித்த நாளுக்கு ஒரு வட்டம், தீட்டு வந்த நாளுக்கு ஒரு கோடு. இரண்டு மாதம் போட்டால் வலி மாதச் சுழற்சியோடு போகிறதா, தனியாக நிற்கிறதா என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். பிரா சரியான அளவா என்றும் கேட்கிறேன். கேட்டதும் கூச்சப்படுவார்கள். ஆனாலும் கேட்டாக வேண்டும். தொளதொளவென்ற பிராவோடு நாள் முழுக்க வேலை செய்கிறவர்களுக்கு அதை மாற்றுவதே பாதி மருந்து.

குழந்தையின் கரப்பானுக்கு இதைக் கேட்டு வருகிற தாய்மாரிடம் இன்னும் நேராகப் பேசுகிறேன். 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2013இல் வந்தது. வாய்வழி கொடுத்த இந்த எண்ணெயும் போரேஜ் எண்ணெயும் மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட மேலாக எதுவும் செய்யவில்லை. அந்தப் பணத்தில் நல்ல மாய்ஸ்சரைசர் வாங்கி, குளித்த ஈரத்தோடு தாராளமாகப் பூசுங்கள் என்பேன்.

பலன் நிச்சயமில்லாத மருந்துக்கும் எச்சரிக்கை உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரினோ குளோபிடோக்ரெலோ சாப்பிடுகிறவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்காமல் தொடக்கூடாது. ஆபரேஷன் தேதி குறித்திருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். குமட்டலும் வயிற்றுப்போக்கும் சிலருக்கு வரும். சைவக் குடும்பத்தினருக்கு உறை ஜெலட்டின் என்பதைச் சொல்லிவிடுவேன். சொல்லாமல் விற்பது அவர்கள் நம்பிக்கைக்குச் செய்கிற துரோகம். சித்திரை வெயிலில் டப்பாவுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், எண்ணெயும் சிக்கடிக்கும். அடுப்பங்கரை அலமாரியில் வைக்க வேண்டாம்.

இதெல்லாம் பேசி முடித்த பிறகும் போகாமல் நிற்கிற பெண்ணிடம்தான் உண்மையான கேள்வி இருக்கிறது. கேட்க வாய் வராது. நானே எடுத்துக் கொடுப்பேன்: “கேன்சரா இருக்குமோன்னு பயமாம்மா?” தோள் இறங்கும், கண் கலங்கும். மாதச் சுழற்சியோடு இரண்டு பக்கமும் வருகிற வலி மட்டும் புற்றுநோயாக இருப்பது மிக அரிது. இதை டாக்டர் பரிசோதித்துவிட்டு நிதானமாகச் சொன்னாலே பெரும்பாலோருக்கு வேறு மருந்து வேண்டியிருப்பதில்லை.

கட்டி கையில் தட்டுப்பட்டாலோ, காம்பிலிருந்து ரத்தம் கசிந்தாலோ, தோல் குழிந்தாலோ, வலி ஒரே இடத்தில் நிலையாக நின்றாலோ பேச்சு வேறு. அப்போது அட்டையை எடுக்க மாட்டேன். “டாக்டர் கை வெச்சுப் பார்த்தாங்களா? ஸ்கேன் எடுத்தாங்களா?” என்று கேட்பேன். இல்லை என்றால், மூன்று மாத மருந்து வாங்கிக்கொண்டு மூன்று மாதம் காத்திருக்க விடமாட்டேன். இந்த வாரமே போய்ப் பாருங்கள் என்று சொல்லி, துணைக்கு யார் வருவார்கள் என்பதையும் கேட்டுத்தான் அனுப்புகிறேன்.