உங்க நல்லதுக்குத்தான்

என் அம்மா குண்டடத்தில், பல்லடம் - தாராபுரம் சாலையோரம் சின்னதாக ஒரு மளிகைக்கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து நூற்பாலை விடுதியிலிருந்து பெண்களை வேனில் கூட்டிவந்து ஒரு மணி நேரம் கடைகளுக்கு விடுவார்கள். சோப்பு, ஷாம்பு, நாப்கின், விடுதிச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் பாக்கெட். வார்டன் அம்மா வேனை விட்டு நகரமாட்டார்.

2018 மே 27 அன்று நான் கடையில் இருந்தேன். பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும் ஒரு பெண், கடைப்பலகையில் கிடந்த பழைய செய்தித்தாளைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள். தூத்துக்குடிக்காரி.

மே 22, செவ்வாய்க்கிழமை. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போன மக்களைப் போலீஸ் சுட்டது. 13 பேர் செத்தார்கள். அதில் ஒருத்திக்கு வயது 17. இவளுக்கு அது ஞாயிற்றுக்கிழமைதான் தெரிகிறது. விடுதியில் செல்போன் வைத்துக்கொள்ளக் கூடாது. வாரத்துக்கு ஒருமுறை வார்டன் அறையிலிருந்து வீட்டுக்குப் பேசலாம். அந்த வாரம் அவளுக்கு இரவு ஷிப்ட். அவள் முறை தப்பிப்போயிருந்தது.

அம்மா எதுவும் கேட்கவில்லை. தன் பட்டன் போனை நீட்டினார். "போட்டுப் பேசு கண்ணு. அந்தம்மாவ நான் பாத்துக்கறேன்."

அரிசி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பேசினாள். அண்ணனுக்குக் காலில் அடி, உயிருக்கு ஒன்றுமில்லை. அதற்குள் வார்டன் வந்துவிட்டார். "போன் குடுத்தா எவனாச்சும் பேசிக் கெடுத்துருவானுங்க. நாளைக்குப் பெத்தவங்களுக்கு யாரு பதில் சொல்றது? உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்." கெட்ட மனுஷி இல்லை. அந்தப் பெண் அழுததைப் பார்த்து அவருக்கும் கண் கலங்கியது.

இவ்வளவுக்கும் என் கையில் ஸ்மார்ட்போன் இருந்தது. தூத்துக்குடியில் இருக்கும் தோழிக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் நாலு நாளாக ஒற்றை டிக்கோடு கிடந்தன. மே 23 அன்று தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை ஐந்து நாள் நிறுத்திவைக்க உத்தரவு போட்டிருந்தார்கள். சமூக ஊடகச் செய்திகளால் கலவரம் வளரும், பொது அமைதி கெடும் என்பது காரணம். வார்டன் சொன்னதை அரசாங்கத் தமிழில் எழுதினால் அப்படித்தான் வரும்.

எந்தச் சட்டத்தில் இது நடந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். அப்போது 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம். அதன் கீழ் 2017இல் போட்ட விதிகள். மாநிலத்தில் உள்துறைச் செயலாளர் கையெழுத்துப் போட்டால் போதும். அது சரியா என்று பார்க்க ஒரு குழு உண்டு. தலைமைச் செயலாளர், சட்டச் செயலாளர், இன்னொரு செயலாளர். நீதிபதி கிடையாது. வார்டன் செய்தது நியாயமா என்று மில் மேனேஜர் விசாரித்துச் சொல்வது மாதிரி.

சர்வாதிகாரம் என்றால் வகுப்பில் எல்லோரும் நெருக்கடி நிலையைத்தான் சொல்வார்கள். 1975 ஜூன் 25 இரவு டெல்லியில் பத்திரிகை அச்சகங்களுக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். மறு வருடம் இங்கே தி.மு.க. ஆட்சியைக் கலைத்தபோது, கைதானவர்களின் பெயர்களை முரசொலி வெளியிட முடியவில்லை. பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். அவர் நினைவிடத்தில் மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். தமிழ்நாட்டுக்கே புரிந்தது. இந்தக் கதையைச் சொன்னால் மாணவிகள் சிரிப்பார்கள். எனக்கு வேறொன்று தோன்றும். தணிக்கைக்கு அன்று ஓர் ஆள் இருந்தார், பேனாவோடு. அவரை ஏமாற்ற வழி இருந்தது. கோபுரத்தையே அணைத்துவிட்டால் யாரை ஏமாற்றுவது?

மணிப்பூரில் 2023 மே 3 அன்று வன்முறை தொடங்கிய கையோடு மொபைல் இணையம் போனது. வதந்தி பரவக்கூடாதாம். மறுநாள் ஒரு கும்பல் குக்கிப் பெண்களை நிர்வாணமாக்கி ஊர்வலம் நடத்தியது. மே 18 அன்று காவல் நிலையத்தில் புகார் பதிவானது. கைது இல்லை. ஜூலை 19 அன்று வீடியோ வெளியே வந்தது. அடுத்த நாளே முதல் கைது. இடையில் இரண்டரை மாதம்.

அந்த நாள்களில் ஒரு பெண்ணின் பிணப் படம் மணிப்பூரில் கை மாறிக்கொண்டிருந்தது. மைதேயிப் பெண்ணைக் குக்கிகள் கெடுத்துக் கொன்றுவிட்டார்கள் என்று சொல்லி. அது வட இந்தியாவில் முந்தைய வருடம் கொலையான வேறு ஒரு பெண்ணின் படம். இணையம் இல்லாமலும் வதந்தி போக வேண்டிய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சாட்சிதான் சேரவில்லை. வீடியோ வந்ததும் அதை நீக்கச் சொல்லி மத்திய அரசு சமூக ஊடகங்களைக் கேட்டுக்கொண்டது. அந்தப் பெண்களின் உடலை ஊர் இன்னும் பார்க்க வேண்டாம் என்பதற்காக என்றால் எனக்கும் சம்மதம்தான். அந்த அக்கறை மே மாதம் எங்கே போயிருந்தது என்றுதான் புரியவில்லை.

அந்த ஜூலை இரவு நான் என் கல்லூரியில் துணை விடுதிக் காப்பாளர். இரவு 9 மணிக்குப் பெண்களின் போன்களை வாங்கி மரப்பெட்டியில் பூட்டுவது என் வேலை. சாவி என்னிடம். காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் இணையத்தை நிறுத்தியதைப் பற்றிக் கவிதை எழுதியவள்தான் நான். அதற்குக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். பெட்டியும் கவிதையும் ஒன்றையொன்று எனக்குள் சந்திக்காமலே இருந்தன. மாடி அறையில் தூக்கமில்லாமல் செய்திகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே பெட்டிக்குள் போன்கள் அதிர்ந்துகொண்டிருந்தன. பையன்கள் விடுதியில் பெட்டி இல்லை.

காலையில் போனை வாங்கிப் பார்த்த ஒரு மாணவி என்னைக் கேட்டாள்: "மேம், உங்களுக்கு நேத்து நைட்டே தெரியுமா?"

"தெரியும்மா. தூங்கற நேரத்துல எதுக்குன்னு... உங்க நல்லதுக்குத்..."

அதற்கு மேல் வாய் வரவில்லை. அவள் போய்விட்டாள்.

அந்த மாதக் கடைசியில் சாவியை முதல்வரிடம் கொடுத்தேன். எதற்கு என்றார். சொன்னேன். கவிஞர்களுக்கெல்லாம் நிர்வாகம் சரிப்படாது என்று சிரித்துவிட்டு, கணிதத்துறைப் பேராசிரியை ஒருவரிடம் ஒப்படைத்தார். பெட்டி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. மாணவிகள் எழுதிக் கொடுத்த மனுவுக்குப் பிறகு, 9 மணி என்பது 9.30 ஆகியிருக்கிறது.